மொட்டைத் தலைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் போட்ட முடிச்சு

தொடர்பே இல்லாத இரண்டை இழுத்துக் கட்டுகிறவரைப் பார்த்து, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறார் என்போம். கோலாலம்பூரின் பேரங்காடிகளிலும் பினாங்கின் கல்லூரி மண்டபங்களிலும் அவ்வப்போது நடக்கும் ஒரு நிகழ்ச்சியை முதன்முறை பார்க்கிற நம்மவருக்கு இந்தப் பழமொழிதான் நினைவுக்கு வரும். மேடையில் வரிசையாக நாற்காலிகள். அவற்றில் நெகிழித் துணி போர்த்தி அமர்ந்திருக்கும் மாணவர்கள், அலுவலக ஊழியர்கள், சில வேளைகளில் இளம் பெண்கள். பின்னால் மெஷினுடன் நிற்கும் முடிதிருத்துநர்கள். பக்கத்து மேசையில் நன்கொடைப் பெட்டியும் கைப்பேசியில் பணம் செலுத்தக் கியூஆர் குறியீடும். குழந்தைப் புற்றுநோய்க்காக மொட்டை என்று பதாகை சொல்லும். கூட்டத்தில் நிற்கும் பாட்டி ஒருவர் எந்தச் சாமிக்கு வேண்டுதல் என்று கேட்டால், அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. தலைமுடி போவதற்கும் நோய் தீர்வதற்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் அவர் கேள்வி. அதற்கு நேர்மையான பதில் உண்டு. ஆனால் அது சற்று நீளமானது.

மொட்டை நமக்குப் புதிதல்ல. தைப்பூசக் காலத்தில் பத்துமலையின் 272 படிகளில் ஏறி இறங்கும் தலைகளில் எத்தனை சந்தனம் பூசியவை என்று எண்ணி முடியாது. பினாங்குத் தண்ணீர்மலையிலும் அப்படியே. பிள்ளைக்கு முதல் முடி இறக்குகிறோம், நோய் தீர்ந்தால் முடி காணிக்கை தருவதாக நேர்ந்துகொள்கிறோம், தந்தை இறந்தால் மகன் தலையை மழிக்கிறான். நம்மோடு வாழும் மலாய்க்காரர்களிடம், பிறந்த ஏழாம் நாள் குழந்தையின் முடியை மழித்து, அதன் எடைக்கு எடை வெள்ளியின் மதிப்பைத் தர்மமாகக் கொடுக்கும் மரபு இருக்கிறது. சீனக் குடும்பங்களிலும் குழந்தைக்கு ஒரு மாதம் நிறையும்போது முடியை மழிக்கும் வழக்கம் உண்டு. மூன்று இனத்தாரும் மொட்டையைப் புரிந்துகொள்ளும் நாடு இது. அவற்றுள் முடியைத் தராசில் வைத்துத் தர்மத்தைக் கணக்கிடும் அந்த மலாய் மரபே நிதி திரட்டும் மொட்டைக்கு மிக நெருங்கிய உறவு என்று எனக்குப் படுகிறது.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. கோயிலில் முடியே காணிக்கை. அது இறைவனுக்கு உரியது. திருப்பதியில் அதை ஏலம் விட்டால் அந்த வருவாயும் தேவஸ்தானத்துக்கே சேரும். நிதி திரட்டும் மொட்டையிலோ முடிக்கு எந்த மதிப்பும் இல்லை. நிகழ்ச்சி முடிந்ததும் துடைப்பத்தால் கூட்டிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். பொய்முடி செய்ய முடி தானம் தருவது வேறு ஏற்பாடு. அதற்கு ஏறத்தாழ ஒரு சாண் அல்லது அதற்கும் கூடுதலான நீளம் வேண்டும். ஆண்களின் வெட்டிய முடி அதற்கு உதவாது. இங்கே கொடுக்கப்படுவது பிறருடைய பணம். மொட்டையடித்துக்கொள்பவர் தம் நண்பர்களிடமும் உறவினர்களிடமும், நான் இந்த நாளில் தலையை மழிக்கப் போகிறேன், நீங்கள் இவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) தாருங்கள் என்று முன்கூட்டியே கேட்டு வாக்குறுதி வாங்குகிறார். ஆகவே மொட்டை என்பது ஓர் ஒப்பந்தத்தில் அவர் இடும் கையொப்பம் போன்றது.

இந்த ஏற்பாடு பெரிய அளவில் பரவியது ஏறத்தாழக் கடந்த கால் நூற்றாண்டில்தான். ஆஸ்திரேலியாவில் இரத்தப் புற்றுநோய்க்கான அறவாரியம் ஒன்று 1998இல் ஆண்டுதோறும் நடக்கும் மொட்டை இயக்கத்தைத் தொடங்கியது. அமெரிக்காவில் இதன் தொடக்கம் ஒரு வேடிக்கைப் பந்தயம் போன்றது. மறுகாப்பீட்டுத் துறையில் வேலை செய்த டிம் கென்னி, ஜான் பெண்டர், எண்டா மெக்டானல் என்ற மூவர், ஐரிஷ் மக்களின் புனித பேட்ரிக் திருநாளான மார்ச் 17ஆம் தேதி, 17 பேர் தலையை மழித்து 17,000 டாலர் திரட்டலாம் என்று பேசிக்கொண்டார்கள். 2000ஆம் ஆண்டு அதே நாளில் நியூயார்க்கின் மதுக்கூடம் ஒன்றில் 19 தலைகள் மழிக்கப்பட்டன. சேர்ந்த தொகை 1,04,000 டாலர். புனிதரின் பெயரையும் வழுக்கையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் குழைத்து செயின்ட் பால்ட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அப்படி ஒரு புனிதர் எந்தத் தேவாலயத்திலும் இல்லை. சில ஆண்டுகளில் முறையான அறவாரியமாகிவிட்ட அந்த அமைப்பு, குழந்தைப் புற்றுநோய் ஆய்வுக்கு இதுவரை 30 கோடி டாலருக்கு மேல் வழங்கியிருக்கிறது. நம் பக்கத்தில் சிங்கப்பூரின் குழந்தைப் புற்றுநோய் அறவாரியம் 2003 முதல் ‘ஹேர் ஃபார் ஹோப்’ என்ற பெயரில் இதை நடத்திவருகிறது. மலேசியாவில் தேசியப் புற்றுநோய்ச் சங்கம் ‘கோ பால்ட்’ என்ற பெயரில் மொட்டை இயக்கங்களை நடத்தியுள்ளது.

ஏன் மொட்டை? ஓடலாம், சைக்கிள் ஓட்டலாம், உணவுச் சந்தை நடத்தலாம். மலேசியாவில் இவை எல்லாம் நடக்கின்றன. மொட்டையைத் தேர்ந்ததற்கு முதற்காரணம், அது அந்த நோயாளிப் பிள்ளைகளின் அடையாளம் என்பது. பலர் நினைப்பது போல் புற்றுநோய் முடியைக் கொட்டச் செய்வதில்லை; சிகிச்சைதான் கொட்டச் செய்கிறது. கீமோ எனப்படும் புற்றுநோய் மருந்துகளில் பெரும்பாலானவை, வேகமாகப் பிளந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்கும் வகையைச் சேர்ந்தவை. புற்றணு அப்படிப் பெருகுவது. ஆனால் அதுபோல் வேகமாகப் பெருகும் நல்ல உயிரணுக்களும் உடலில் உண்டு. எலும்பு மச்சையில் இரத்தம் உண்டாக்குபவை, வாய் முதல் குடல் வரை உள்வரியாக அமைந்தவை, முடியின் வேரில் முடியை உற்பத்தி செய்பவை ஆகிய மூன்றும் அதில் அடங்கும். தலையில் உள்ள முடிகளில் பத்தில் ஒன்பது எந்த நேரத்திலும் வளரும் பருவத்தில் இருப்பதால், மருந்து ஏறிய இரண்டு மூன்று வாரத்தில் அவை வேரிலேயே நலிந்து கொத்துக் கொத்தாக உதிர்கின்றன. தலையணையிலும் குளியலறை வடிகாலிலும் முடியைப் பார்க்கும் தாய்க்கு, நோயின் பெயரைக் கேட்டபோது வராத அழுகை அப்போது வருவதுண்டு. அதனால்தான் உதிர்வதற்கு முன்பே பிள்ளையின் தலையை மழித்துவிடும்படி தாதியர் சில குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்கிறார்கள். கோயிலில் மொட்டையடித்துப் பழகிய தமிழ்ப் பெற்றோருக்கு அது மற்றவர்களைவிடச் சற்று எளிதாக இருக்கலாம். ஆனால் பத்து வயதைத் தாண்டிய பெண் பிள்ளையின் நீண்ட பின்னலை நினைத்துப் பார்த்தால் அப்படிச் சொல்லவும் தயக்கமாக இருக்கிறது.

அந்தப் பிள்ளையோடு நாங்களும் என்று பிறர் மொட்டையடித்துக்கொள்வதில் ஓர் ஆறுதல் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஒரு வகுப்பு முழுவதும் மொட்டைத் தலையுடன் அமர்ந்தால், சிகிச்சை முடித்துத் திரும்பும் மாணவனை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எனினும் இதற்கு எதிர்வாதமும் உண்டு. நாம் விரும்பி மழிக்கிறோம், பிள்ளைக்கு அந்த விருப்பம் கேட்கப்படவில்லை. நமக்கு மறுநாளே முடி முளைக்கத் தொடங்கும், பிள்ளைக்கு மாதக்கணக்காகும். நாம் வெற்றுத் தலையோடு படம் எடுத்துப் பகிர்ந்துகொள்கிறோம், பிள்ளை தொப்பி போட்டு மறைக்கிறது. வளரிளம் பருவத்துப் பிள்ளைகளில் சிலர் இப்படிக் கவனம் தங்கள்மேல் திரும்புவதையே விரும்பமாட்டார்கள். குறிப்பிட்ட ஒரு பிள்ளையின் பெயரில் மொட்டையடிக்க நினைக்கிறவர்கள் முதலில் அந்தப் பிள்ளையிடம் கேட்டுவிடுவது நல்லது. பெற்றோரிடம் மட்டும் கேட்பது போதாது.

பெண்கள் மழிப்பது இன்னொரு விவாதம். 2013இல் சிங்கப்பூரில் மகளிர் பள்ளி ஒன்றின் மாணவியர் மூவர் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்காகத் தலையை மழித்துவிட்டு வந்தபோது, பள்ளி விதியைக் காட்டிப் பொய்முடி அணியும்படி தலைமையாசிரியர் சொன்னது பெரிய சர்ச்சையாயிற்று. நம் வீடுகளில் அப்படி ஒரு பெண் மழித்துவிட்டு வந்தால், கல்யாணம் ஆகாத பெண் இப்படிச் செய்யலாமா என்ற கேள்வி எழும். கைம்பெண்ணின் தலையை மழித்த பழைய கொடுமையின் நிழல் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கிறது. கோயிலுக்கு என்றால் இதே குடும்பம் தடுக்காது. மொட்டையின் பொருளை எப்போதும் அது யார் முன்னிலையில் நடக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

இனிப் பணம். நண்பர் மொட்டையடித்துக்கொள்வதற்கு நான் ஏன் ஐம்பது வெள்ளி தர வேண்டும்? அதே ஐம்பது வெள்ளியை மொட்டையே இல்லாமல் நேரடியாகக் கொடுத்துவிடலாமே. கொடுக்கலாம்தான், ஆனால் கொடுக்கமாட்டோம். கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டார் ஷஃபீர் என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. எளிதான, இன்பமான வழியில் நிதி திரட்டும்போது கொடுப்பதைவிட, உழைப்பும் வலியும் தேவைப்படும் வழியில் திரட்டும்போது மக்கள் கூடுதலாகக் கொடுக்க முன்வருகிறார்கள். அதிலும் மனிதத் துன்பம் தொடர்பான காரியமாக இருந்தால் இந்த வேறுபாடு மேலும் கூர்மையாகிறது. அதே ஆண்டில் வெளியான இன்னொரு ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. மொரீஷியஸ் தீவின் தமிழர்கள் தைப்பூசக் காவடி எடுக்கும் இடத்துக்கே டிமிட்ரிஸ் ஜிகலாட்டாஸ் குழுவினர் சென்று, கலந்துகொண்டவர்களுக்குச் சிறு தொகை கொடுத்து, அதிலிருந்து யாருக்கும் தெரியாமல் நன்கொடை செலுத்த வாய்ப்பளித்தார்கள். கூட்டு வழிபாட்டில் மட்டும் கலந்துகொண்டவர்களைவிட அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள் தெளிவாகக் கூடுதலாகக் கொடுத்தார்கள். தம் உடலில் ஒரு வேலும் ஏற்காமல் உடன் நடந்துவந்தவர்களும் தாராளமாகவே கொடுத்தார்கள். பத்துமலையில் நேர்த்திக்கடன் செலுத்துபவரின் பின்னால் நடந்திருக்கிற எவருக்கும் இது ஆய்வு தேவைப்படாத உண்மை. மொட்டை அலகுக் காவடி அல்ல. வலி சிறிதும் இல்லை. ஆனாலும் அடுத்த மூன்று மாதம் ஒவ்வொரு நாளும் கண்ணாடியிலும் அலுவலகத்திலும் மறைக்க முடியாதபடி நிற்கும் ஒன்றை ஒருவர் ஏற்றுக்கொள்கிறார் என்பதே கொடுப்பவரின் கையை இளகச் செய்கிறது. பெட்ரோனாஸ் கோபுரத்தருகே சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது யாராவது ஏன் மொட்டை என்று கேட்டால், அவர் மறுபடியும் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கதை இன்னொரு நன்கொடையாகிறது.

திரண்ட பணம் எங்கே போகிறது என்ற கேள்வியில்தான் இந்த முடிச்சின் உண்மையான வலு இருக்கிறது. குழந்தைப் புற்றுநோய் அரிது. வளர்ந்த நாடுகளில் எல்லாப் புற்றுநோய்களிலும் அது நூற்றில் ஒன்று அளவுதான். புகை, மது, உணவு என்று பெரியவர்களுக்குச் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் அங்கே பொருந்துவதில்லை. வளர வேண்டிய உயிரணு வளர்ச்சியின் பாதையில் தடம் மாறிவிடுவதால் வருபவை பல. ஆகையால் பெரியவர்களுக்காகக் கண்டுபிடித்த மருந்து அப்படியே பிள்ளைகளுக்கு உதவும் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கெனத் தனியே ஆராய வேண்டும். ஆனால் நோயாளிகள் குறைவு என்றால் சந்தை சிறிது; சந்தை சிறிது என்றால் மருந்து நிறுவனங்களுக்கு ஆர்வம் குறைவு. அமெரிக்காவில் 2017இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், பெரியவர்களுக்கான சில புற்றுநோய் மருந்துகளைப் பிள்ளைகளிடத்திலும் ஆராயும்படி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியதே அந்த ஆர்வமின்மைக்குச் சான்று. இந்த இடைவெளியில்தான் பொதுமக்களின் நன்கொடை ஆய்வுக்கூடத்தின் கதவைத் தட்டுகிறது.

அது பலன் தருமா என்று சந்தேகிப்பவர்கள் பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோயின் வரலாற்றைப் படிக்க வேண்டும். அதில் நமக்குத் தெரிந்த முகங்களும் செடிகளும் இருக்கின்றன. 1940களின் இடைப்பகுதி வரை அந்த நோய் வந்த பிள்ளை சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துவிடும். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், இரத்த அணுக்கள் பெருகத் தேவையான ஃபோலிக் அமிலத்தைத் தடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தார். அதைத் தடுக்கும் அமினோப்டெரின் என்ற மருந்து அவருக்குக் கிடைத்தது, லெடர்லே என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தை வழிநடத்திய எல்லாப்பிரகத சுப்பாராவிடமிருந்து. ஆந்திரத்தின் பீமாவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். கதராடை உடுத்தி வந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி முழுப் பட்டம் கிடைக்காமல் போனவர். ஃபார்பர் 16 பிள்ளைகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்ததில் 10 பேரிடம் நோய் தணிந்தது என்று 1948 ஜூனில் வெளியான கட்டுரை சொன்னது. தணிவு நிலைக்கவில்லை, நோய் திரும்பியது. ஆனால் மருந்தால் இந்த நோயைப் பின்னுக்குத் தள்ள முடியும் என்பது அன்றுதான் முதன்முறை தெரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்தார். அதே ஆண்டில்தான் ஃபார்பரின் ஆய்வுக்காக ‘ஜிம்மி நிதி’ என்ற பொதுநிதி வானொலி வழியே தொடங்கப்பட்டு, சாதாரண மக்களிடமிருந்து 2 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. புற்றுநோய் ஆய்வுக்கு ஒரு பிள்ளையின் பெயரால் பொதுமக்களிடம் கையேந்துவது அன்றே தொடங்கிவிட்டது. மொட்டை இயக்கம் அந்த வழியில் பின்னால் வந்த ஒன்று.

அடுத்த பங்கு ஒரு செடியுடையது. நம் வீட்டு வாசலிலும் கோயில் வேலியோரத்திலும் வெள்ளையும் ஊதாவுமாகப் பூக்கும் நித்தியகல்யாணி, நீரிழிவுக்கு நாட்டு மருந்து என்று பல நாடுகளில் நம்பப்பட்டது. அதைச் சோதித்த கனடா, அமெரிக்க ஆய்வாளர்கள், சர்க்கரை குறையாததையும் வெள்ளை அணுக்கள் குறைவதையும் 1950களில் கண்டார்கள். நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலையிலிருந்து மிகச் சில கிராம் அளவே கிடைக்கும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து 1963 முதல் பயன்பாட்டுக்கு வந்தது. இன்றும் இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஏறக்குறைய அது ஏறுகிறது. மெர்காப்டோப்யூரின், மெத்தோட்ரெக்சேட் ஆகிய வேறு கீமோ மருந்துகளோடு அதைச் சேர்த்து, ஒரே மருந்துக்குப் பதில் பல மருந்துகளைப் படிப்படியாகக் கொடுக்கும் முறையை மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனை வளர்த்தது. அது 1962இல் திறக்கப்பட்டபோது இந்த நோயிலிருந்து பிழைத்தவர் நூற்றில் நான்கு பேர்; இன்று நல்ல வசதியுள்ள மையங்களில் நூற்றில் தொண்ணூறு பேர். அந்த மருத்துவமனையும் பெரும்பாலும் நன்கொடையால் இயங்குவது. நூற்றில் நான்கு தொண்ணூறானது ஒரே அற்புதத்தால் அல்ல. ஒவ்வொரு ஆய்வும் முந்தையதைவிடச் சற்று மேலாக, இரண்டு விழுக்காடு, ஐந்து விழுக்காடு என்று ஏறிய கணக்கு அது.

அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று சந்தையின் வேலை எங்கே நிற்கிறது என்பதையும் காட்டும். நரம்பணுக்களில் தோன்றும் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயின் கடுமையான வகைக்கு, புற்றணுவை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள் மருந்து ஒன்றைச் சேர்த்தபோது இரண்டு ஆண்டு வரை நோய் திரும்பாமல் இருந்த பிள்ளைகள் 46 விழுக்காட்டிலிருந்து 66 விழுக்காடாயினர் என்று 2010இல் முடிவு வந்தது. அந்த மருந்தைச் செய்ய எந்த நிறுவனமும் முன்வராததால், ஆய்வுக்குத் தேவையான அளவை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகமே தயாரிக்க வேண்டியிருந்தது. அந்த ஆய்வை நடத்திய மருத்துவமனைகளின் கூட்டமைப்பு, மொட்டைத் தலைகளின் பணத்தைப் பெற்ற அமைப்புகளில் ஒன்று. 2015இல்தான் அந்த மருந்துக்கு விற்பனை அனுமதி கிடைத்தது.

இவை எல்லாம் மேற்கில். கோலாலம்பூரில் மொட்டையடித்தால் என்ன ஆகும்? இங்கே கணக்கு சற்று வேறு. அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி, நிபுணர் பிரிவில் 5 வெள்ளி. சிகிச்சையின் பெருஞ்சுமையை அரசு ஏற்கிறது. குடும்பத்தை முறிப்பது மருந்துச் சீட்டுக்கு வெளியே உள்ளவை. பிள்ளைகளின் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் மையங்கள் மிகச் சிலவே: கோலாலம்பூரில் துங்கு அசிசா மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை, வடக்கே பினாங்குப் பொது மருத்துவமனை போன்றவை. கெடாவின் தோட்டப்புறத்திலிருந்தோ பகாங்கின் உட்பகுதியிலிருந்தோ வரும் தாய், இரத்தப் புற்றுநோய் என்றால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு மேல் வந்து போக வேண்டும். தகப்பன் நாட்கூலி, மற்றப் பிள்ளைகள் பாட்டியிடம். ஆகையால் மலேசிய மொட்டைப் பணத்தில் பெரும்பங்கு தங்குமிடம், பயணம், ஊட்டச்சத்து, ஆற்றுப்படுத்தல் ஆகியவற்றுக்குச் செல்வது இயல்பே. வெளியூர்க் குடும்பங்கள் கோலாலம்பூரில் தங்குவதற்காகத் தேசியப் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் ‘சில்ட்ரன்ஸ் ஹோம் ஆஃப் ஹோப்’ இல்லம் அப்படிப்பட்டது. இதைக் குறைவாக எண்ணக் கூடாது: உலக அளவில் ஆண்டுக்கு 4 லட்சம் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வருகிறது, பணக்கார நாடுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் குணமாக, ஏழை நாடுகள் பலவற்றில் முப்பதுக்கும் குறைவாக இருப்பதற்கு, மருந்தில்லாமை மட்டுமின்றித் தாமதமாக வருதலும் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுதலும் முக்கியக் காரணங்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. பேருந்துக் கட்டணத்துக்கான நன்கொடையும் ஓர் உயிரைக் காப்பாற்றும் மருந்தே.

ஆனால் பதாகையில் ஆய்வு என்று எழுதிவிட்டுப் பராமரிப்புக்குச் செலவிடுவதும், பராமரிப்பு மட்டுமே போதும், ஆய்வை மேற்கத்தியர் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுவதும் இரண்டுமே சரியல்ல என்பது என் கருத்து. இரண்டாவதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகள் நாள்தோறும் மாதக்கணக்கில் விழுங்கும் மெர்காப்டோப்யூரின் மாத்திரையைச் சிலருடைய உடல் தாங்காது. வெள்ளை அணுக்கள் ஆபத்தாகச் சரியும். அதற்குப் பொறுப்பான மரபணு வேறுபாடு ஒன்றை மேற்கத்திய ஆய்வுகள் முன்பே கண்டு சொல்லியிருந்தன. ஆனால் அது ஆசியர்களிடம் அரிது. ஆசியப் பிள்ளைகள் பலருக்கு ஏன் மருந்து தாங்கவில்லை என்பதை அது விளக்கவில்லை. நுட்15 என்ற மரபணுவின் வேறுபாடே காரணம் என்பதை 2014இல் தென்கொரியாவில் குடல் நோயாளிகளிடம் செய்த ஆய்வும், மறு ஆண்டு இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வும் வெளிப்படுத்தின. கிழக்காசிய மக்களிடம் அது பரவலாக உண்டு. ஐரோப்பியப் பிள்ளைகளின் இரத்தத்தை மட்டும் ஆராய்ந்துகொண்டிருந்தால், செந்தூலிலும் ஜோர்ஜ்டவுனிலும் பிறந்த பிள்ளைக்கு எத்தனை மில்லிகிராம் கொடுப்பது என்பது தெரியவந்திருக்காது.

நம் நாட்டவர் சும்மா இருக்கவில்லை என்பதற்கும் சான்று உண்டு. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்களும் சிங்கப்பூர் மருத்துவர்களும் சேர்ந்து நடத்திய ‘மா-ஸ்போர் ஏஎல்எல் 2003’ என்ற இரத்தப் புற்றுநோய் ஆய்வில் 556 பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர். சிகிச்சையின் தொடக்கக் கட்டம் முடிந்தபின், நுண்ணோக்கியில் தெரியாமல் மச்சையில் ஒளிந்திருக்கும் புற்றணுக்களைப் பத்தாயிரத்தில் ஒன்று என்ற நுண்மையில் எண்ணிப் பார்த்து, மிகக் குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு மருந்தைக் குறைப்பது அதன் முறை. குறைத்தும் பலன் குறையவில்லை: ஆறு ஆண்டு கடந்து உயிரோடு இருந்தவர் 88 விழுக்காடு. மருந்தைக் குறைப்பது என்பது சாதாரண விஷயமன்று, கடுமையான கீமோவால் பிள்ளையின் இதயம் பின்னாளில் பலவீனமாவதையும், கிருமித் தொற்றால் சிகிச்சையின் நடுவிலேயே இறந்துபோவதையும் அது தவிர்க்கிறது, செலவையும் குறைக்கிறது. ஆகவே பணம் குறைந்த நாடுகளுக்கு மிகவும் பொருந்தும் ஆய்வு இது.

இனி, மொட்டையடிக்கவோ காசு தரவோ போகிறவர் கேட்க வேண்டியவை. மொட்டையடித்துவிட்டான் என்றால் ஏமாற்றிப் பறித்துவிட்டான் என்றும் தமிழில் பொருள் உண்டு. அந்த இரண்டாம் பொருள் நடக்காமல் பார்த்துக்கொள்வது கொடுப்பவரின் வேலை. மலேசியாவில் சங்கங்கள் 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டப்படி பதிவாக வேண்டும். தெருவிலும் வீடு வீடாகவும் வசூலிக்க 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பு என்றால், கொடுத்த தொகைக்கு வரி விலக்கு ரசீது தரும். தனிநபர் தம் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை அதற்கு விலக்குக் கோரலாம். பெயரில் புற்றுநோய் என்று இருப்பது போதாது; ரசீதில் உள்ள பெயர், வங்கிக் கணக்கின் பெயர், பதாகையின் பெயர் மூன்றும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். தனிநபரின் கணக்கெண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நின்றுவிடலாம். நிகழ்ச்சிச் செலவு எவ்வளவு, யார் ஏற்கிறார்கள் என்று கேட்பதும் தவறில்லை. முடிதிருத்துநர்கள் பெரும்பாலும் கூலி வாங்காமலே வருகிறார்கள். ஆள் பற்றாக்குறையில் ஆண்டுக்கணக்காகத் தவிக்கும் ஒரு தொழிலில், ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு வருவது சிறிய கொடையன்று. ஆனால் அவர்களுடைய பெயர் எந்தப் பதாகையிலும் வருவதில்லை.

கடைசியாக, பணம் ஆய்வுக்கென்றால் எந்த ஆய்வுக்கு, எப்போது பலன் தெரியும் என்று கேட்கலாம். எப்போது என்பதற்கு விரைவான பதிலை எதிர்பார்க்க வேண்டாம். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில், நிகழ்ச்சியில் மழித்த தலை மூன்று மாதத்தில் சீப்புக்கு அகப்படும். சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்குக் கடுமையான கட்டம் முடிந்து மாத்திரைக் கட்டம் வந்தபிறகுதான் முடி திரும்பும். அப்போதும் முன்பு நேராக இருந்தது சுருட்டையாக வரலாம். ஆய்வோ, 2003 என்று பெயரில் சுமந்த அந்த மலேசிய-சிங்கப்பூர் ஆய்வின் முடிவுகள் அச்சேறியது 2012இல். மாதம் ஒருமுறை முடி வெட்டுகிறவர் அதற்குள் நூறு முறைக்கு மேல் நாற்காலியில் அமர்ந்து எழுந்திருப்பார்.